விரல் நுனி துண்டானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தைப்பூசம் வந்தால் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். அன்னதானத்துக்காக மூட்டை மூட்டையாகக் காய்கறி நறுக்குவார்கள். கத்தி கொஞ்சம் தவறினால் போதும், விரல் நுனி போய்விடும். 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரங்களோடு வேலை செய்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

"சின்ன காயம்தானே, பிளாஸ்டர் ஒட்டினா சரியாயிடும்" என்று இருந்துவிடலாமா? கூடாது. சூடு, கூர்மை, துணியின் மென்மை எல்லாவற்றையும் நமக்குச் சொல்வது விரல் நுனிதான்.

உடனே செய்ய வேண்டியவை

சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். விரலில் நூலோ ரப்பர் பேண்டோ இறுக்கிக் கட்டாதீர்கள்.

துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கெட்டுவிடும்.

என்னென்ன சிகிச்சைகள்?

எலும்பு வெளியே தெரியாமல், காயம் ஏறக்குறைய 1 செ.மீ-க்குள் இருந்தால், பல நேரங்களில் கட்டுப் போட்டாலே தசை வளர்ந்து மூடிவிடும். சிறுபிள்ளைகளுக்கு இது இன்னும் நன்றாக ஆறும்.

எலும்பு தெரிந்தால், அதே விரலின் தோலை முன்னே நகர்த்தி மூடுவார்கள். அது போதாவிட்டால், பக்கத்து விரலின் தோலை ஒட்டி, 2 முதல் 3 வாரம் கழித்துப் பிரிப்பார்கள்.

துண்டை மீண்டும் பொருத்த முடியுமா? 1965-இல் ஜப்பானின் நாராவில் முழுதாகத் துண்டான கட்டைவிரலை மருத்துவர்கள் கொமாட்சுவும் தமாயும் நுண்ணோக்கி உதவியுடன் இணைத்தார்கள். ஆனால் நசுங்கிய துண்டில் ரத்தக்குழாய்களை இணைப்பது கடினம்.

எலும்பைச் சற்றுக் குறைத்துத் தைப்பதும் ஒரு வழி. சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் விரல் குட்டையாகும். எது வேண்டும் என்பதை, உங்கள் தொழிலைச் சொல்லி மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

சொக்சோ உதவி கிடைக்குமா?

வேலையிடத்து விபத்து என்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக ஊன உதவியாகச் சராசரி தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு.

"நுனிதானே போச்சு" என்று புகார் செய்யாமல் விட்டுவிட்டால், பின்னாளில் விரல் மரத்துப்போகும்போது கேட்க ஆதாரம் இருக்காது. முதல் ஒரு மணி நேரம் விரலைக் காப்பாற்றும். முதல் அறிக்கை உங்கள் உரிமையைக் காப்பாற்றும்.