விடுப்புக்குப் பின் வரும் ஆண்டுகள்

1875ஆம் ஆண்டில் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேய மாதும் அவரோடு வேறு மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர அனுமதி பெற்றபோது, பெண்கள் வைத்தியம் கற்கலாமா என்பதே பெரிய சர்ச்சையாக இருந்தது. இன்று தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பாடம் கேட்பவர்களிலும் பாடம் சொல்பவர்களிலும் பெண்கள் பெருந்தொகையினராக இருப்பதைக் கண்டு, அந்தச் சர்ச்சை என்றோ தீர்ந்துவிட்டது என்று நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். ஆனால் கல்லூரியின் வாசல் திறந்திருக்கிறது என்பது ஒரு காரியம். உள்ளே சென்றவர் தம் திறமைக்குரிய ஸ்தானத்தை அடைவதற்கு மார்க்கம் இருக்கிறது என்பது வேறொரு காரியம். இந்த இரண்டாவது காரியத்தில் நாம் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதும், பிரசவ விடுப்பை நீட்டிக்கொண்டே போவதால் மட்டும் அது நிறைவேறிவிடாது என்பதும் இக்கட்டுரையின் அபிப்பிராயம்.

விடுப்பைப் பொறுத்த மட்டில் தமிழக அரசு தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2011இல் ஆறு மாதமாக உயர்த்தப்பட்ட மகப்பேறு விடுப்பு, 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. நாடு முழுமைக்கும் பொதுவாக இருந்த 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தொடக்கத்தில் 12 வாரமே கொடுத்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக ஆக்கிற்று. செல்வத்திலும் மருத்துவ ஆராய்ச்சியிலும் முதன்மை பெற்ற அமெரிக்காவிலோ, 1993ஆம் ஆண்டின் தேசியச் சட்டப்படி ஒருவர் உரிமையோடு கேட்கக்கூடியது சம்பளமில்லாத 12 வாரமே. இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் நம் அரசு மருத்துவக் கல்லூரியின் உதவிப் பேராசிரியை பாக்கியசாலி என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆயினும் அவருடைய உத்தியோக வாழ்க்கை இன்னொரு கணக்கின்படி நடக்கிறது. இளநிலைப் பட்டத்துக்கு, பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள், முதுநிலைப் பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள், அதற்கும் மேல் சீனியர் ரெசிடென்ட் என்ற நிலையில் ஓர் ஆண்டு என்று கழிந்து, நடுவில் நுழைவுத் தேர்வுகளுக்கும் கட்டாயச் சேவைக்குமாக மேலும் சில காலம் கரைந்து, ஒருவர் உதவிப் பேராசிரியராக நாற்காலியில் அமரும்போது முப்பது வயதை நெருங்கிவிடுகிறார். சிறப்பு மேற்படிப்பையும் நாடினால் இன்னும் மூன்று ஆண்டுகள் கூடும். அந்த நாற்காலியிலிருந்து இணைப் பேராசிரியராக உயர்வதற்கு, தேசிய மருத்துவ ஆணையத்தின் தகுதி விதிகளின்படி, நான்கு ஆண்டுப் பணியும், இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளும், மருத்துவக் கல்வி முறையிலும் ஆராய்ச்சி முறையிலும் பெற்ற பயிற்சிகளும் வேண்டும். ஆக, கட்டுரை எழுதியாக வேண்டிய ஆண்டுகளும் குழந்தை பெற்று வளர்த்தாக வேண்டிய ஆண்டுகளும் ஒரே ஆண்டுகள்தாம். அவற்றில் ஒன்றைத் தள்ளிப்போடு என்று சொல்ல இயற்கைக்கும் சம்மதமில்லை, விதிகளுக்கும் சம்மதமில்லை.

ஓர் ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறவருக்குக் காத்திருப்பது என்ன என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். அவர் வழிகாட்டிக்கொண்டிருந்த முதுநிலை மாணவரின் ஆய்வேடு வேறொருவர் பொறுப்புக்குப் போயிருக்கும். பாதியில் நின்ற ஆராய்ச்சிக்கு நோயாளிகளின் விவரம் சேகரித்துக்கொண்டிருந்த தொடர்ச்சி அறுந்திருக்கும். அறுவைச் சிகிச்சைத் துறையினராக இருந்தால் கையின் பழக்கமும் தன்னம்பிக்கையும் மீண்டும் கூடி வருவதற்குச் சில காலம் பிடிக்கும். இவற்றுக்கெல்லாம் நடுவில் வெளிநோயாளர் பிரிவும், வார்டும், இரவு டூட்டியும், மாணவர்களின் தேர்வுகளும் முதல் நாளிலிருந்தே முழுப் பளுவோடு அவர் தோளில் ஏறிவிடுகின்றன. ஆசிரியர்கள் மொத்த வேலை நாட்களில் 75 சதவீதமாவது வருகை தந்திருக்க வேண்டும் என்று ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள் வற்புறுத்துகின்றன. போலி ஆசிரியர்களைக் காட்டி அனுமதி பெறும் கல்லூரிகளைத் தடுக்கப் பிறந்த நல்ல விதி அது. என்றாலும், காய்ச்சலில் படுத்த குழந்தைக்கும் வருகைப் பதிவுக்காகக் காத்திருக்கும் இயந்திரத்துக்கும் இடையில் நாள்தோறும் ஓடுகிறவளின் சங்கடம் அந்த விதியை எழுதியவர்களின் மனத்தில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை. ஆகவே விடுப்பு முடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் உண்மையான நஷ்டம் நேருகிறது. அந்த ஆண்டுகளைப் பற்றி நம் அரசாணைகள் பெரும்பாலும் மௌனமாக இருக்கின்றன.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த ஒரு சலுகை இந்த மௌனத்தை முதன்முதலாகக் கலைத்தது எனலாம். மகப்பேறு விடுப்புக் காலம் இனித் தகுதிகாண் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்பது அந்த அறிவிப்பு. விடுப்புக் கொடுத்த அரசே அந்த விடுப்பைக் காரணமாக வைத்துத் தகுதிகாண் பருவத்தை நீட்டி, பணிமூப்பில் ஒருத்தியைப் பின்னுக்குத் தள்ளுவது, வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் வாங்கிக்கொள்வதாகும் என்ற நியாயத்தை அந்த அறிவிப்பு அங்கீகரித்திருக்கிறது. அந்த நியாயம் தகுதிகாண் பருவத்தோடு நின்றுவிடாமல், கட்டுரை எழுதும் கால அளவுக்கும், ஆய்வு வழிகாட்டும் தகுதிக்கும், இடமாறுதல் கலந்தாய்வுக்கும் பரவ வேண்டும் என்பதே நாம் கேட்பது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்ட இந்த மாநிலத்தில், ஆசிரியர்கள் ஊர் விட்டு ஊர் போவது தவிர்க்க முடியாதது. கைக்குழந்தையோடு இருப்பவரைக் குடும்பத்தின் துணை கிட்டாத மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் ஆராய்ச்சி செய்யவில்லையே என்று அங்கலாய்ப்பது மட்டும் தவிர்க்கக்கூடியது.

விடுப்பில் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிற அமெரிக்கா, திரும்பி வருகிறவருக்கு ஆதரவு தருவதில் நாம் கற்றுக்கொள்ளத்தக்க சில காரியங்களைச் செய்திருக்கிறது என்பது வேடிக்கையான முரண். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 1997 முதல், சிறு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கென்று கிளாஃப்லின் நிதி என்ற ஒன்றை நடத்தி வருகிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் உதவியாளரை அமர்த்திக்கொள்ள அந்தப் பணம் பயன்படும், குழந்தைக்குப் பாலூட்டும் நேரத்தில் சோதனை நின்றுவிடாமல் நடக்கும். டோரிஸ் டியூக் அறநிலையம் 2015இல் பத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு நிதி வழங்கி, குழந்தையையோ முதிய பெற்றோரையோ பராமரிக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும் இளம் ஆசிரியர்களின் ஆராய்ச்சிக்கு உதவச் செய்தது; இதில் ஆணும் பெண்ணும் விண்ணப்பிக்கலாம். ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரியோ இன்னும் ஒரு படி மேலே சென்று, சக ஆசிரியருக்காக டூட்டி பார்த்தவர்கள், குழுக்களில் உழைத்தவர்கள், இளையவர்களுக்கு வழிகாட்டியவர்கள் ஆகியோரின் நேரத்தை வரவு வைத்து, அந்த வரவுக்கு ஈடாக வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவது, வீட்டைத் துப்புரவு செய்ய ஆள் அனுப்புவது, ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் எழுத உதவுவது போன்ற சேவைகளைச் சில ஆண்டுகள் பரீட்சார்த்தமாக வழங்கிப் பார்த்தது. அவர்களிடம் ஆதரவு இருக்கிறது, விடுப்பு இல்லை; நம்மிடம் விடுப்பு இருக்கிறது, ஆதரவு இல்லை.

ஆனால் அயல்நாட்டு முறை எதையும் ஆராயாமல் ஏற்பதிலும் ஆபத்து உண்டு. குழந்தை பிறந்த ஆசிரியருக்கு நிரந்தரப் பதவிக்கான கெடுவை ஓர் ஆண்டு நீட்டித்துக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் பரவியபோது, சமத்துவத்தை உத்தேசித்து அதை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் கொடுத்தார்கள். பொருளியல் துறைகளில் இதன் பலனை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நீட்டிப்பால் ஆண்கள் நிரந்தரப் பதவி பெறுவது கூடியது என்றும், பெண்கள் பெறுவது குறைந்தது என்றும் கண்டது. கிடைத்த கூடுதல் ஆண்டில் ஆண்கள் மேலும் கட்டுரைகள் வெளியிட்டதை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினர். பெண்களுக்கோ அந்த ஆண்டில் எழுதுவதற்கான அவகாசம் வாய்க்கவில்லை. கெடுவை நீட்டுவதால் மட்டும் பயனில்லை, நீண்ட கெடுவுக்குள் வேலை செய்வதற்குரிய சௌகரியமும் சேர்ந்து வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவரைப் பற்றியது. தனியார் கல்லூரிகளின் நிலை வேறு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் மருத்துவக் கல்லூரிகள் மட்டுமன்றி, பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றைப் போதிக்கும் கல்லூரிகளும் அநேகம் இருக்கின்றன. அவற்றில், குறிப்பாகப் பெண்களே பெரும்பான்மையாகப் போதிக்கும் செவிலியக் கல்லூரிகளில், ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு 26 வாரச் சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கும்? டில்லியில் ஒரு மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றிய ஒப்பந்த மருத்துவர் ஒருவர், 2017 ஜூன் மாதம் முதல் தேதியிலிருந்து மகப்பேறு விடுப்புக் கேட்டார். அவருடைய ஒப்பந்தம் 11ஆம் தேதியோடு முடிவதால், அவருக்கு 11 நாள் விடுப்பே உண்டு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் மகப்பேற்றுக்குரிய பலன்கள் தொடர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 ஆகஸ்டு ஆயிற்று. சட்டத்தை நன்கு அறிந்து, ஆறு ஆண்டுகள் வழக்காடும் திடசித்தமும் வசதியும் உள்ளவர் எத்தனை பேர்? 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் ஸ்தாபனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை அங்கே சென்றுவரலாம் என்றும் அதே 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிற்று. கல்லூரிகளைப் பரிசோதிக்க வருகிறவர்கள் படுக்கைகளையும் நூலகப் புத்தகங்களையும் எண்ணுகிற சிரத்தையில் சிறிதளவாவது இந்தக் காப்பகத்தின்மீதும் வைக்கலாகாதா?

இதற்கு எதிராக எழுப்பப்படும் ஆட்சேபம் ஒன்று அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆசிரியர் ஒருவர் விடுப்பில் போனால் நோயாளிகள் குறைந்துவிடுவதில்லை. அவருடைய இரவு டூட்டியை, பெரும்பாலும் அவரைப் போலவே குடும்பப் பாரமுள்ள இன்னொருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் துறைக்குள் முணுமுணுப்பு எழுகிறது. நாளடைவில் பெண்களைத் துறைக்கு எடுப்பதற்கே தயக்கம் பிறக்கிறது. இந்த முணுமுணுப்பு முணுமுணுப்பவர்களின் குற்றமல்ல. விடுப்பை வழங்குகிற அரசு, அந்த விடுப்பின் விலையைத் தான் கொடுக்காமல் சக ஊழியர்களைக் கொடுக்கச் செய்கிறது. குற்றம் அங்கே இருக்கிறது. மாவட்டங்களைச் சில தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும், விடுப்பில் செல்வோருக்கு ஈடாக நிற்பதற்கென்றே துறைவாரியாகச் சில பணியிடங்களை அனுமதித்துவிட்டால், இந்த ஆட்சேபத்தின் வேர் அறுந்துபோகும்.

தந்தையரையும் மறந்துவிடலாகாது. மத்திய அரசின் ஊழியர்களுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. குழந்தைப் பராமரிப்புக்கென்று பெண்களுக்கும், மனைவியின்றித் தனியே பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் வரை விடுப்பு எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. மத்திய அரசின் கீழ் இயங்கும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் பாடம் சொல்பவருக்குக் கிட்டும் இத்தகைய வசதிகளை, அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கல்லூரிகளும் முன்மாதிரியாகக் கொள்ளலாம். தந்தையர் விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில் எடுத்துரைத்தது. குழந்தை வளர்ப்பு தாயின் தனிப்பொறுப்பு என்று விதிகளே போதித்துக்கொண்டிருக்கும் வரையில், அந்தப் பொறுப்புக்கான தண்டனையும் தாய்க்கே உரியதாக இருக்கும்.

இவையெல்லாம் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. இங்கிலாந்தில் பெண் விஞ்ஞானிகளின் முன்னேற்றத்தை முன்னிட்டு 2005இல் அதீனா ஸ்வான் என்ற தரச்சான்று முறை தோன்றிற்று; ஆனால் 2011இல், தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த சாலி டேவிஸ், அந்த முறையில் வெள்ளித் தரம் பெறாத மருத்துவக் கல்லூரிகள் குறிப்பிட்ட பெரிய ஆராய்ச்சி நிதிகளை எதிர்பார்க்க முடியாது என்று அறிவித்த பிறகுதான் கல்லூரிகள் அவசர அவசரமாக விழித்துக்கொண்டன. படிவங்கள் நிரப்பும் பளு மிகுந்துவிட்டது என்ற காரணத்தால் 2020இல் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது என்பதும் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை. நிபந்தனை வேண்டும், அது எளிதாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் இரண்டே இரண்டு விவரங்களை மருத்துவ ஆணையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவித்தால் போதும்: மகப்பேறு விடுப்பு எடுத்த ஆசிரியர்களில், திரும்பி வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் பணியில் இருப்போர் எத்தனை பேர், அவர்களில் உரிய காலத்தில் பதவி உயர்வு பெற்றோர் எத்தனை பேர்? கல்லூரிக்கு அனுமதி புதுப்பிக்கும்போதும் ஆராய்ச்சி நிதி பகிரும்போதும் அந்த விவரங்கள் கவனிக்கப்படும் என்ற நிலை வந்துவிட்டால், ஆய்வு உதவியாளரை நியமிப்பதும், முதல் ஆண்டில் இரவு டூட்டியைக் குறைப்பதும், காப்பகத்தைத் திறப்பதும் நிர்வாகங்களின் சுயநலத்துக்கே உகந்த காரியங்களாகிவிடும். ஒரு மருத்துவ ஆசிரியரை உருவாக்கப் பத்து ஆண்டுகளையும் பொதுப் பணத்தையும் செலவிடுகிற சமூகம், அந்தச் செலவைக் காப்பாற்றிக்கொள்ள மேலும் மூன்று ஆண்டுகள் அக்கறை காட்டுவதைத் தர்மம் என்று அழைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சாதாரணச் சிக்கனம் என்றே அழைக்கலாம்.