வரைபடம் யாருடையது?

கலெக்டர் வருகிறார் என்றால் ஜீப் வருகிறது என்று பொருள் கொண்ட காலம் ஒன்று இருந்தது. போலீஸ் வந்தாலும் ஜீப். தேர்தல் வந்தாலும் ஒலிபெருக்கி கட்டிய ஜீப். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறி, ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைச் சுமந்து சென்றதும் ஜீப்தான். மூன்று தலைமுறைத் தமிழருக்கு அது நம் ஊர் வண்டியாகவே பழகிப் போயிற்று. அமெரிக்காவிலே பிறந்த வண்டி, அதிலும் போருக்கென்று பிறந்த வண்டி என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நினைத்துப் பார்க்க வேண்டும், தோழர்களே! பெங்களூரில் படிக்கும் நாம், பீன்யாவின் பட்டறை ஓசை காதில் விழும் தொலைவிலே இருக்கும் நாம், இந்த வண்டியின் கதையைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒரு பொருளைச் செய்பவன் யார், அதன் வரைபடத்தை வைத்திருப்பவன் யார், இந்த இருவரும் வேறு வேறாக இருந்தால் என்ன நேரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை வேறொன்று இல்லை.

1940-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. அமெரிக்கப் படைத்துறை 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது: எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற வேவு வண்டி ஒன்று வேண்டும், அதன் மாதிரியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பெரிய கம்பெனிகள் தயங்கின. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறிய கம்பெனி துணிந்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைந்து கொடுத்தார். செப்டம்பரில், சொன்ன நாளிலே வண்டி வந்து நின்றது.

பரிசு யாருக்குக் கிடைத்தது? பாண்டத்திடம் போதிய தொழிற்சாலை இல்லை. படைத்துறை அந்த வண்டியின் வரைபடங்களை வில்லிஸ்-ஓவர்லாண்டுக்கும் போர்டுக்கும் கொடுத்தது. டொலிடோ நகரத்து வில்லிஸ் 60 குதிரைத்திறன் கொண்ட நல்ல என்ஜினோடு வந்தது. போர்டு தன் பெருந்தொழிற்சாலையோடு வந்தது. போர் முடிவதற்குள் இருவருமாக 6 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்தார்கள். பாண்டம் செய்ததோ ஏறத்தாழ 2,700! வரைந்தவன் வாசலில் நின்றான், வார்த்தவன் விருந்துண்டான்.

இது கதையின் முதற்பாடம். வரைபடம் மட்டும் இருந்து பட்டறை இல்லாதவன் வாழ மாட்டான். இதை மனத்தில் வையுங்கள். இதன் மறுபக்கத்தை இந்தியாவிலே பார்க்கப் போகிறோம்.

போர் முடிந்தது. 1945-இல் வில்லிஸ் அதே வண்டியை உழவருக்கும் குடிமக்களுக்கும் ஏற்றபடி திருத்தி, சிஜே-2ஏ என்று விற்றது. முகப்பிலே ஒன்பதாக இருந்த நெடுந்துளைகள் ஏழாயின. 1949-இல் சிஜே-3ஏ வந்தது. 1953-இல், புதிய என்ஜின் உயரமாக இருந்ததால் அதற்கு இடம் விட்டுப் பானெட்டைத் தூக்கி வைத்தார்கள், அதுதான் சிஜே-3பி. நம் நாட்டுச் சாலைகளில் நிமிர்ந்த மூக்கோடு ஓடிய ஜீப்பின் உருவம் அதுவே. சில ஆண்டுகளில் வளைந்த உடலோடு சிஜே-5, 1976-இல் சிஜே-7. 1986-இல் ராங்ளர் என்ற புதுப்பெயரும் சதுர விளக்கும் வந்தன. பழைய அன்பர்கள் முகம் சுளித்தார்கள். 1996-இல் மீண்டும் வட்ட விளக்கு. அடுக்குத் தகடு வில்லுக்குப் பதிலாகச் சுருள்வில். 2006-இல் நான்கு கதவு. 2017-இல் மறுபடியும் புதியதொரு ராங்ளர்.

இடையிலே முதலாளிகள் மாறினார்கள். வில்லிஸ் போய்க் கைசர், கைசர் போய் அமெரிக்கன் மோட்டார்ஸ், அதன்பின் கிரைஸ்லர், இன்று ஸ்டெலாண்டிஸ். கை மாறினாலும் வரைபடம் உறங்கவில்லை. பழைய முகத்தைக் காத்துக்கொண்டே அடியை மாற்றினார்கள், என்ஜினை மாற்றினார்கள், தவறு செய்தார்கள், திருத்திக்கொண்டார்கள். தலைமுறை என்றால் அதுதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1945-இல் மகிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் உருக்கு வணிகத்துக்காக ஒரு கம்பெனி தோன்றியது. நாடு பிரிந்ததும் குலாம் முகமது பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-இல் கம்பெனி மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்புகளைப் பகுதி பகுதியாகக் கப்பலில் வரவழைத்துப் பம்பாய் மசகானில் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். பிறகு உரிமம் பெற்று, பகுதிகளையும் இங்கேயே செய்யலானார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. விடுதலை பெற்ற நாட்டுக்குச் சாலையில்லாத ஊர்களிலும் ஓடும் வண்டி வேண்டும், அது கிடைத்தது.

ஆனால் அதற்குப் பின் என்ன நடந்தது? அமெரிக்காவிலே 1968-இல் சிஜே-3பி ஓய்வு பெற்றது. இங்கோ அந்த உருவம் பெயர் மாறியும் நீளம் மாறியும் 21-ஆம் நூற்றாண்டுவரை ஓடியது. மாறியது வயிறுதான். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் பெட்ரோல் ஜீப்புக்குத் தீனி போட்டுக் கட்டவில்லை. 1979-இல் பிரான்சு நாட்டுப் பெஜோ கம்பெனியிடம் உரிமம் பெற்று டீசல் என்ஜின் வைத்தார்கள். வண்டியின் உருவம் அமெரிக்காவில் இரவல், என்ஜின் பிரான்சில் இரவல்!

ஏன் இப்படி? நம் பொறியாளருக்கு மூளை இல்லையா? அப்படிச் சொல்பவன் அறியாதவன். காரணம் வேறு. எவ்வளவு செய்யலாம், என்ன செய்யலாம் என்று அரசு லைசென்சு கொடுத்த காலம் அது. போட்டி இல்லை, வாங்குபவன் வரிசையில் நின்றான். செய்ததெல்லாம் விற்கும்போது புதிதாய்ச் செய்ய எவன் பணம் போடுவான்? மாரிஸ் ஆக்ஸ்போர்டு வரைபடத்திலிருந்து பிறந்த அம்பாசடர் 1950-களின் இறுதி முதல் 2014 வரை ஓடியதும் இதே கதைதான்.

இங்கே மறுப்புரை ஒன்று எழும். அதையும் நேர்மையாகக் கேட்போம். "பழைய ஜீப் மாறாமல் இருந்ததால்தானே எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பழுது பார்க்க முடிந்தது? ஒரு ஸ்பானரும் சுத்தியலும் இருந்தால் போதுமே! ஏழை நாட்டுக்கு அதுதானே ஏற்றது?" என்பார்கள். உண்மை. ஏலமலைச் சரிவிலே வண்டி நின்றுவிட்டால், ஓட்டுநரே கீழே படுத்துச் சரிசெய்து எழுந்து ஓட்டிச் சென்றது அந்த எளிமையால்தான். அந்தக் குணத்தை நானும் போற்றுகிறேன். எளிதில் பழுது பார்க்கக்கூடிய வண்டி வேண்டும் என்று தீர்மானித்து வரைந்திருந்தால் அது அறிவு. வரைய ஆளும் அவசியமும் இல்லாததால் அப்படியே விட்டது அறிவாகுமா? கதவில்லாத, இடுப்பு வார் இல்லாத வண்டியில் பின்புறம் பத்துப்பேர் தொங்கிக்கொண்டு போனார்களே, அந்த உயிர்களுக்கும் ஒரு கணக்கு உண்டல்லவா?

இரவலாக எடுத்த முகத்துக்கு ஒருநாள் கேள்வி வரும் என்பதையும் காலம் காட்டியது. 2018-இல் மகிந்திரா, ராக்சர் என்ற பெயரில் ஒரு தோட்ட வண்டியை அமெரிக்காவிலேயே பூட்டி விற்கத் தொடங்கியது. மாணவன் ஆசிரியரின் வாசலிலே கடை போட்டான். உடனே ஜீப்பின் அன்றைய உடைமையாளரான பியட் கிரைஸ்லர் வழக்காடியது: "இது எங்கள் ஜீப்பின் தோற்றம்." 2020 சூனில் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் அந்த வாதத்தை ஏற்றுத் தடை விதித்தது. முகத்தை மாற்றி வரைந்த வண்டிக்கு அந்தத் தடை பொருந்தாது என்று ஆண்டு முடிவில் அதே ஆணையம் சொன்னது. நீதிமன்ற வழக்கு அதன் பின்னும் நீண்டது. எழுபது ஆண்டு பழகிய முகம், சட்டத்தின் முன்னே நம் முகமாக நிற்கவில்லை.

இதே ஆண்டிலேதான் மறுபக்கமும் தெரிந்தது. 2010-இல் வந்த தார் என்ற வண்டி பழைய ஜீப்பின் பேரன். 2020 ஆகஸ்டு 15-இல் காட்டப்பட்ட இரண்டாம் தார், அடிமுதல் முடிவரை புதியது. அதன் பொறியியல் வேலை நடந்த இடங்களில் ஒன்று செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா ஆராய்ச்சி நிலையம்; ஆம், தமிழ் மண்! அவ்வாண்டே நடந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது. 2024-இல் ஐந்து கதவுத் தாரும் வந்துவிட்டது. தோற்றத்தில் இன்னும் பாட்டனின் சாயல் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் வரைபடம் இப்போது நம் கையில் இருக்கிறது. பாட்டன் சாயலைப் படிப்படியாகக் குறைப்பதும் கூட்டுவதும் இனி நம் விருப்பம்.

இனிப் பீன்யாவைப் பாருங்கள். துமகூரு சாலையில் மேம்பாலத்து மெட்ரோவில் போகும்போது இருபுறமும் தகரக் கூரைகள் தெரிகின்றனவே, அவற்றின் கீழே லேத்தும் மில்லிங்கும் கிரைண்டிங்கும் ஓயாமல் ஓடுகின்றன. கன்னடத் தோழரோடு தமிழரும் தெலுங்கரும் ஒடியரும் பீகாரியரும் தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் தள்ளிவிடும் துல்லிய வேலை அங்கே நடக்கிறது. ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் டிராயிங் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து! வாங்குபவன் அனுப்புகிறான், இவர்கள் கடைந்து கொடுக்கிறார்கள். அவன் நாளைக்கு வேறு பட்டறைக்கு அனுப்பினால் இங்கே இயந்திரம் நிற்கும்.

பாண்டத்திடம் வரைபடம் இருந்தது, பட்டறை இல்லை. பீன்யாவில் பட்டறை இருக்கிறது, வரைபடம் இல்லை. இரண்டு குறையும் ஒன்றே.

அருகிலே ஜாலஹள்ளியில் இருக்கிறது எச்.எம்.டி. 1953-இல் சுவிட்சர்லாந்து ஓர்லிக்கான் கம்பெனியின் துணையோடு தொடங்கி, இந்தப் பகுதிக்கே தொழில் கற்றுக்கொடுத்த பள்ளி அது. 1961-இல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கடிகாரமும் செய்தது. நாட்டின் மணிக்கட்டெல்லாம் அதுவே ஆயிற்று. காலம் மாறியபோது கடிகாரம் போதிய வேகத்தில் மாறவில்லை. 2016-இல் கடிகாரக் கம்பெனியை மூட அரசு முடிவெடுத்தது. கற்பது பெருமை; கற்ற இடத்திலேயே நின்றுவிடுவது ஆபத்து.

நண்பர்களே! நம்மிலே பொறியியல் படிப்பவர் எத்தனைபேர் பீன்யாப் பட்டறைக்குள் கால் வைத்திருக்கிறோம்? கணினி நிறுவனத்தின் குளிர் அறையை நாடுவதை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக் கடனும் தங்கையின் படிப்பும் யாருக்குத்தான் இல்லை? ஆயினும் எண்ணெய்க் கறை பட்ட கையைத் தாழ்வாக நினைக்கிறோமே, அந்த நினைப்புத்தான் வரைபடத்தையும் பட்டறையையும் பிரித்து வைக்கிறது. வரையத் தெரிந்தவன் கடைய அறியான். கடையத் தெரிந்தவனை வரையவே விடுவதில்லை.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. கோடை விடுமுறையில் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் நான்கு வாரம் பீன்யாவின் ஒரு சிறு பட்டறையில் இருக்கட்டும். அங்கே செய்யப்படும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளட்டும். இந்த அளவு ஏன், இந்த உலோகம் ஏன், இந்தத் துளை இல்லாவிட்டால் என்ன என்று டர்னரிடமும் பிட்டரிடமும் கேட்டு, அதே பொருளைத் தம் கையால் மறுபடி வரையட்டும். சிறந்த மூன்றை அந்தப் பட்டறையிலேயே செய்து பார்க்கச் சங்கம் செலவு தரட்டும். பத்து வரைபடத்தில் ஒன்பது பயன்படாமல் போகலாம். போகட்டும்; ராங்ளருக்குச் சதுர விளக்கு வைத்தவர்களும் பத்தாண்டு கழித்துத்தானே திருத்திக்கொண்டார்கள்!

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். உடன்படுபவர் கைதூக்குங்கள். உடன்படாதவர் காரணத்தோடு எழுந்து பேசுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.