டோக்கன் வாங்க ஒரு க்யூ

2024 டிசம்பர் லீவில் பிள்ளைகள் நச்சரிப்பு தாங்காமல் கப்பல் ஏறினோம். மூணு ராத்திரி ட்ரிப், இங்கே சிங்கப்பூர் மெரினா பே க்ரூஸ் சென்டரில் இருந்து. ஏற வந்தவர்களில் பாதிக்குப் பாதி நம்ம ஜனம்தான். செராங்கூன் ரோட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து ஏசி ஹாலில் வைத்த மாதிரி இருந்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள், ஒரே கட்டடம், ஒரே மத்தியானம். ஆனாலும் தள்ளுமுள்ளு இல்லை. டிக்கெட்டோடவே யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒன்றரை மணி. நான் வழக்கம்போல பன்னிரண்டரைக்கே குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போய் நிற்க, கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே "ஒன்றரைக்கு வாங்க அங்கிள்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். (அங்கிளாம்! தங்கமணிக்கு அன்றைக்கு முழுக்க சிரிப்பு.)

பக்கத்து வரிசையில் தெரிந்த நண்பர் ஒருவர் நின்றிருந்தார். குரோம்பேட்டைக்காரர், இங்கே பதினைந்து வருஷம். "பாருங்க சார், இதுவே நம்ம ஊரா இருந்தா மிதிச்சே கொன்னிருப்பாங்க. நம்ம ஜனங்களுக்கு டிசிப்ளினே கிடையாது" என்றார். நான் சுற்றிப் பார்த்தேன். அவர் சொன்ன அதே நம்ம ஜனங்கள்தான் சுற்றி நின்று அமைதியாக முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். லீவு நேரத்தில் வாக்குவாதம் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மூன்று வாரம் கழித்து, 2025 ஜனவரி 8.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, எஸ்.வி. யுனிவர்சிட்டி பி.காம். 2022 ஏப்ரலில் திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும்வரை அதுவும் எங்கள் மாவட்டம்தான். எங்கள் வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டர். அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி ஜனவரி 10. பத்து, பதினொன்று, பன்னிரண்டு தேதிகளில் சொர்க்கவாசல் தரிசனத்துக்கு 1,20,000 இலவச டோக்கன், திருப்பதியில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கவுன்ட்டர்களில், 9-ம் தேதி விடியற்காலை 5 மணியிலிருந்து கொடுப்பதாக தேவஸ்தானம் அறிவித்திருந்தது.

7-ம் தேதி ராத்திரி அம்மா போன் செய்து "போலாம்னு இருக்கேன்டா, எப்ப கெளம்பறது?" என்று கேட்டாள். பெரிய பிளானிங் புலி மாதிரி நான் சொன்னேன்: "அஞ்சு மணிக்குத்தானேன்னு மெதுவா போகாதம்மா. முந்தின நாள் மத்தியானமே போய் உக்காந்துடு. சித்தியையும் கூட்டிக்கோ. பெட்ஷீட், தண்ணி எடுத்துக்கோ."

எல்லா வீட்டிலும் எல்லா மகன்களும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். விசாகப்பட்டினத்திலும் சேலத்திலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். விளைவு, 9-ம் தேதி காலைக்கான கூட்டம் 8-ம் தேதி சாயங்காலமே வந்துவிட்டது. பைராகிப்பட்டெடா பக்கம் ஒரு பூங்காவில் ஜனங்களை உட்கார வைத்திருந்தார்கள். ராத்திரி உள்ளே ஒரு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, அவரை வெளியே கொண்டுவர கேட்டைத் திறந்தார்கள், டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து எல்லாரும் பாய்ந்தார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன விளக்கம். அந்த ராத்திரி நெரிசலில் 6 பேர் செத்தார்கள். சேலம் மாவட்டத்திலிருந்து போன ஒரு பெண்மணியும் அதில் உண்டு. நாற்பது பேர் அளவுக்குக் காயம்.

அம்மாவும் சித்தியும் வேறொரு சென்டரில் இருந்தார்கள். எனக்கு அது தெரியாது. டிவியில் ஃப்ளாஷ் நியூஸ் ஓட, இங்கே நடு ராத்திரி, இரண்டு மணி நேரம் போன் கிடைக்கவில்லை. கடைசியில் யாரோ ஒரு பையனுடைய போனிலிருந்து கூப்பிட்டாள். பயந்துபோய் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார்களாம். ஒரு கால் செருப்பைக் காணோமாம். "சாமி பாத்துக்கிச்சுடா" என்றாள். அவளை அங்கே போய் உட்காரச் சொன்னது நான்தான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை குரோம்பேட்டை நண்பரிடமிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ். "அன்னிக்கே சொன்னேன்ல? டிசிப்ளின்." கீழே பதினேழு பேர் கட்டை விரல்.

அய்யா, அந்தப் பதினேழு பேரையும் ஒன்று கேட்கிறேன். திருமலையில் ஒரு சாதாரண நாளில் அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் தரிசனம் செய்கிறார்கள். வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் கம்பார்ட்மென்ட்டில் அடைத்து வைத்தால் பத்து மணி நேரம், சமயத்தில் இருபது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பால் வரும், உப்புமா வரும், குழந்தை அழும், தாத்தா குறட்டை விடுவார். யாரும் யாரையும் மிதிப்பதில்லை. அதே ஜனம், அதே பக்தி, அதே அவசரம். மலைக்கு மேலே டிசிப்ளின் இருக்கிறது, மலைக்குக் கீழே இல்லையா? அலிபிரி அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டா போகிறார்கள்?

வித்தியாசம் ஜனத்தில் இல்லை. கம்பார்ட்மென்ட்டுக்குள் உட்கார்ந்தவனுக்குத் தன் முறை நிச்சயம் என்று தெரியும். லேட்டாகலாம், ஆனால் சாமியைப் பார்க்காமல் போக மாட்டான். டோக்கன் க்யூவில் நிற்பவனுக்கு அந்த நிச்சயம் கிடையாது. தனக்கு முன்னால் நிற்பவனோடு ஸ்டாக் தீர்ந்துபோகலாம். அந்த பயம்தான் தள்ளுகிறது.

கணக்குப் பாருங்கள். 1,20,000 டோக்கன், 90 கவுன்ட்டர் என்று வைத்தால் ஒரு கவுன்ட்டருக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். ஆளுக்கு இருபது செகண்ட் (இது என் மதிப்பீடு) என்றால் ஏழரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. காலை அஞ்சுக்கு ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம். கொடுக்கும் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. முதலில் வந்தவனுக்கு உண்டு, கடைசியில் வந்தவனுக்கு இல்லை என்று வைத்ததுதான் குறை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். இங்கே வருவதற்கு முன்னால் எங்கள் ஜில்லாவில் ஒரு கிராமத்துக் கிளையில் ஆபீசராக இருந்தேன். பெயர் வேண்டாம். மாசம் ஒண்ணாம் தேதி பென்ஷன். பத்து மணிக்கு ஷட்டர் திறந்து பித்தளை டோக்கன் கொடுப்போம். ஒரு நாளைக்கு நூறு பேருக்குத்தான் என்பது கிளையின் ஏற்பாடு. அதனால் விடிவதற்கு முன்னாலேயே தாத்தா பாட்டிகள் ஷட்டரில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். செருப்பு, பை, கல் என்று இடம் பிடித்து வைத்திருப்பார்கள். ஒரு மாசம் ஷட்டரைத் தூக்கின வேகத்தில் முன்னால் நின்ற பெரியவர் விழுந்து பல் உடைந்தது. எங்கள் ஸ்டாஃப் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்தக் கெழங்களுக்கு டிசிப்ளினே கெடையாது சார்."

புதிதாக வந்த மேனேஜர் பித்தளை டோக்கனைத் தூக்கி டிராயரில் போட்டார். பாஸ்புக்கின் கடைசி நம்பரைப் பார்த்து, ஒன்று இரண்டில் முடிந்தால் முதல் நாள், மூன்று நான்கு இரண்டாம் நாள் என்று நோட்டீஸ் போர்டில் எழுதினார். உங்கள் பணம் எங்கேயும் போகாது என்று ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னார். மூன்றாம் மாசம் அதே கெழங்கள் பத்தரைக்கு டீ குடித்துவிட்டு வந்தார்கள். செலவு, ஒரு சாக்பீஸ்.

டோக்கன் என்பது எதற்கு? க்யூவில் நிற்காமல் இருப்பதற்கு. அந்த டோக்கனை வாங்கவே ஒரு க்யூ வைத்தால், கட்டடத்துக்குள் கம்பி வேலியோடு நின்றிருக்கும் க்யூ தெருவுக்கு வந்து நிற்கும். தெருவில் கம்பார்ட்மென்ட் கிடையாது, பால் கிடையாது, ஒரு கேட்தான் இருக்கும். இது திருப்பதி விஷயம் மட்டும் இல்லை. 2005 டிசம்பர் 18, சென்னை எம்.ஜி.ஆர். நகர். வெள்ள நிவாரண டோக்கனுக்காக பள்ளிக்கூட வாசலில் விடியற்காலை நின்ற ஜனம். 42 பேர் போனார்கள். அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் வியாசர்பாடியில் நிவாரணம் வாங்கப் போய் 6 பேர் இறந்திருந்தார்கள். 2023 பிப்ரவரி 4, வாணியம்பாடி. தைப்பூசத்துக்கு இலவச வேட்டி சேலை தருவதற்கான டோக்கன், வயசான பெண்கள் 4 பேர். எம்.ஜி.ஆர். நகரிலும் வாணியம்பாடியிலும் போனவர்கள் யாரும் நிவாரணப் பணம் வாங்கும் இடத்திலோ சேலை வாங்கும் இடத்திலோ சாகவில்லை. டோக்கன் வாங்கும் இடத்தில் செத்தார்கள்.

தேவஸ்தானத்துக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் 12 அன்று திருப்பதியில் சர்வ தரிசன டோக்கன் கவுன்ட்டரில் தள்ளுமுள்ளு ஏற்பட்டு மூன்று பேருக்குக் காயம். உடனே என்ன செய்தார்கள்? டோக்கனே வேண்டாம், நேராக மலைக்கு வாங்க என்று திறந்துவிட்டார்கள். ஜனம் மேலே போய் காம்ப்ளெக்ஸில் உட்கார்ந்தது. கூட்டம் குறையவில்லை, நெரிசல் போய்விட்டது. பரீட்சைக்கு மூன்று வருஷம் முன்னாடியே விடைத்தாள் கையில் இருந்தது என்கிறேன். 2020-லிருந்து சொர்க்கவாசலை இரண்டு நாளுக்குப் பதில் பத்து நாள் திறக்கிறார்கள். கூட்டத்தைப் பரப்ப நல்ல யோசனைதான். பரப்பிவிட்டு, முதல் மூன்று நாள் டோக்கனை ஒரே விடியற்காலையில் கொடுக்கிறோம் என்று மறுபடி குவித்தால் என்ன அர்த்தம்?

அப்படியானால் எல்லாம் ஆன்லைனா, பட்டன் போன் வைத்திருக்கும் உன் அம்மா என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து மணிக்குத் திறந்து சில நிமிஷத்தில் தீர்ந்துபோகும் ஆன்லைனும் க்யூதான். அதில் கால் மிதிபடாது, கை வேகம் உள்ளவன் ஜெயிப்பான். காமர்ஸ் படித்தவனுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஐபிஓ விண்ணப்பம் மூன்று நாள் திறந்திருக்கும். முதல் நிமிஷம் போட்டவனும் கடைசி நாள் போட்டவனும் ஒன்றே. பங்கை விட விண்ணப்பம் அதிகமாக வந்தால் சின்ன முதலீட்டாளர்களுக்குக் குலுக்கல். முந்திப் போவதில் லாபம் இல்லை என்றால் எவன் முந்துவான்? பல நாள் திறந்து வையுங்கள், கிராமச் செயலகத்தில் பதியட்டும், தி.நகர் வெங்கடநாராயணா ரோடு தேவஸ்தான மையத்தில் பதியட்டும், அப்புறம் குலுக்குங்கள்.

துறைமுகங்களில் கப்பலுக்கே இதைச் செய்கிறார்கள். குரோஷியாவில் டுப்ரோவ்னிக் என்று ஒரு பழைய கோட்டை ஊர். கப்பல் கூட்டம் தாங்காமல் 2019-ல் ஒரு நாளைக்கு இரண்டு கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று கப்பல் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். அலாஸ்காவில் ஜூனோ, 2024-லிருந்து நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான். எந்தக் கப்பலும் முந்தின நாள் ராத்திரியே வந்து துறைமுக வாசலில் பெட்ஷீட் விரித்து உட்காருவதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். குரூப்பில் கட்டை விரல் காட்டிய பதினேழு பேரில் எத்தனை பேர் அந்த இலவச டோக்கன் க்யூவில் நின்றிருக்கிறோம்? 300 ரூபாய் டிக்கெட்டுக்கு மூன்று மாசம் முன்னாலேயே நாலு லேப்டாப் திறந்து வைத்து உட்காருகிறோம். கிடைக்காவிட்டால் மச்சானுக்குத் தெரிந்த எம்.எல்.ஏ. லெட்டர். அதுவும் இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் குடிநுழைவு முத்திரையைக் காட்டி சுபதம் வழி. 2019-ல் நானும் அப்படித்தான் போனேன். இரண்டு மணி நேரத்தில் லட்டோடு வெளியே வந்து "பரவால்ல, நல்லா மேனேஜ் பண்றாங்க" என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தேன். நாம் நிற்காத க்யூவில் நின்று செத்தவர்களுக்கு டிசிப்ளின் பாடம் எடுக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இன்னொன்று. சிங்கப்பூர் பள்ளி லீவு நவம்பர் கடைசி, டிசம்பர். ஊரில் மார்கழி. பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு என்று, ஊருக்குப் போய் பத்து நாளில் திருப்பதி, கல்யாணம், பல் டாக்டர் எல்லாவற்றையும் அடைக்கிறோம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம் லீவு இருக்கிறது. விமான டிக்கெட் விலையும் குறைவு. அப்போது போக மாட்டோம். கேட்டால் டியூஷன்.

சரி, குறை மட்டும் சொன்னால் தப்பு. அடுத்த ஏகாதசி 2025 டிசம்பர் 30-ல் வந்தது. முதல் மூன்று நாளுக்கு நேரில் டோக்கன் கிடையாது, பல நாள் பதிவு, குலுக்கல் என்று மாற்றினார்கள். மீதி நாட்களுக்கு டோக்கன் இல்லாமல் நேராக மலைக்கு வரலாம் என்றார்கள். இதற்கு ஆறு உயிர் போக வேண்டியிருந்தது என்பது என் ஆத்திரம். கமிஷன், சஸ்பென்ஷன், 25 லட்சம் நிவாரணம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் அம்மா பெயரையும் சித்தி பெயரையும் பதிந்து கொடுத்தான். விழவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "எந்த நாளானா இன்னாடா, அதே வாசல்தானே" என்றுவிட்டாள். ஜனவரி 5-ம் தேதி இரண்டு பேரும் பஸ் ஏறி நேராக மேலே போனார்கள். எப்போது கிளம்பணும் என்று இந்த முறை என்னைக் கேட்கவில்லை. பகல் முழுக்க கம்பார்ட்மென்ட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த ஆரணிக்காரம்மாவிடம் மருமகள் கதை கேட்டு, ராத்திரி தரிசனம் முடிந்து போன் செய்தாள்.

"செருப்பு பத்திரமா இருக்காம்மா?"

"வீட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்டா."