வாசிக்கும் கையும் செய்யும் கையும்

வயலின் இராவணன் கண்ட கருவி என்னும் கூற்று ஈழத்து மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது. இராவணஹத்தா என்னும் நரம்புக் கருவி மேற்றிசை சென்று வயலினாக உருமாறிற்று என்பது அதன் சாரம். கேட்போர் செவிக்கு இது இனிக்கும். ஆயின் சான்று யாது எனின், பெயரும் புராணமும் அன்றிப் பிறிதொன்றும் காட்டப்படுவதில்லை. அக்கருவி மரபாக உயிர்த்து நிற்பது இராசஸ்தானத்திலும் குசராத்திலுமாம். ஆங்குப் பாபூசி காதை பாடும் போபா என்னும் பாணர், தேங்காய்ச் சிரட்டையில் ஆட்டுத்தோல் போர்த்து, மூங்கில் தண்டு பொருத்தி, குதிரைமயிர் கட்டிய வில்லால் அதனை இசைக்கின்றனர். இலங்கையில் அதனை மீட்க அண்மைக் காலத்தில் தினேஷ் சுபசிங்க போன்றோர் முயன்றனர். மீட்க வேண்டியிருந்தமையே மரபு அறுந்து கிடந்தமைக்குச் சான்று. வயலினோ பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட இத்தாலியில் உருப்பெற்றது. கிரெமோனா நகரத்து அந்திரேயா அமாத்தியின் பட்டறை அதன் வடிவை நிலைநாட்டியது.

இப்பெருமைப் பேச்சின் வறுமையைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் நின்று நோக்குவார் எளிதில் உணர்வர். மாரவிலவிலிருந்து கற்பிட்டி வரை தென்னை செறிந்த நிலம் அது. தெங்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்த லுணுவில இம்மாவட்டத்து ஊரே. இங்குச் சிரட்டை மலையெனக் குவிந்து கரியாகின்றது. வடக்கே வில்பத்துக் காட்டில் பாலையும் முதிரையும் கருங்காலியும் வளர்கின்றன. உலகெங்கும் வயலினின் விரற்பலகைக்கும் முறுக்காணிக்கும் விரும்பப்பட்ட மரம் கருங்காலி. அவ்வினத்துள் இலங்கைக் கருங்காலி தனிப்புகழ் பெற்றது. மரம் கப்பலேறிச் சென்றது. கருவி கப்பலேறி வந்தது. இடையே நிகழ்ந்த உழைப்பும் அறிவும் பிறருடையன. இராவணன் பெயரை ஆயிரம் முறை உச்சரித்தாலும் இக்கணக்கு நேராகாது.

அவ்வுழைப்பு எத்தகையது? மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தாலும், அடிப்பலகையும் விலாப்பலகைகளும் மேப்பிள் மரத்தாலும் ஆவன. மேற்பலகையை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் கனத்திற்குக் குடைதல் வேண்டும்; விலாப்பலகையை அதனினும் மெலிதாக இழைத்து, சூடேற்றிய இரும்பில் வளைத்தல் வேண்டும். உள்ளே மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே பசையின்றி நிற்கும் சிறு கோலை இத்தாலியர் 'ஆன்மா' என்னும் பொருள்படும் சொல்லால் அழைப்பர். அது சிறிது விலகினும் ஒலி கெடும். மரத்தை வளைக்கும் அறிவு கடற்கரைக்குப் புதிதன்று. தோணி கட்டிய தச்சர் கைகள் அதனை அறிந்திருந்தன. பைபர் படகு வந்தபின் அக்கைகளுக்கு வேலை அருகியது. அவற்றை இசைக்கு அழைத்தார் எவருமிலர்.

அழையாமைக்குக் காரணம் வெளிப்படை. வாசிப்பது கலை, செய்வது கூலி என்னும் பிரிவு தமிழ்ச் சமூகத்தில் சாதியோடு பிணைந்தது. மிருதங்கம் செய்வோர் வாழ்வை 2020இல் வெளியிட்ட நூலில் டி. எம். கிருஷ்ணா ஆராய்ந்தார். தோலைப் பதப்படுத்தி, ஒலியின் நுட்பமறிந்து வார்பிடித்த கைகள் அவை. அவற்றுக்கு உரியவர்களைச் சபை மதியாமையையே அந்நூல் புலப்படுத்துகின்றது. இராவணனுக்கு உரிமை கோரும் நாவும், தச்சனைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய நாவும் ஒன்றே. மன்னனைப் படைப்பாளி என ஏற்க முடிகின்றது. உளி பிடித்தவனை ஏற்க முடிவதில்லை!

தொழிற்சாலை வயலின் மலிவாகக் கிடைக்கையில் கைவினை எதற்கு என்பார் உளர். மலிவு உண்மையே. ஆயின் உப்புக்காற்றும் ஈரமும் மிக்க கரையில் பொருத்துகள் விடும். வயலினில் விலங்குப் பசை இடுவதன் நோக்கம், சூடும் ஈரமும் கொண்டு பிரித்துப் பழுதுபார்த்தற்கே. அதனை அறியாதார் கையில் ஒரு விரிசலே கருவியின் முடிவாகும். வறிய மாணவனுக்கு அதுவே கல்வியின் முடிவுமாகும். ஸ்புரூஸும் மேப்பிளும் ஈண்டு வளரா என்பது மற்றொரு தடை. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் ஆனது. மண்ணின் மரத்தை ஆய்ந்து, அதற்கேற்ற வடிவமும் ஒலியும் கண்டமையே அத்தச்சர் பெருமை. பலா இலங்கையிலும் உண்டு, ஆய்வுதான் வேண்டும். சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் சிரட்டையும் கரண்டியும் போத்தலும் கொண்டே மஞ்சா இசைக்குத் தாளம் எழுப்புகின்றனர். கைக்கெட்டிய பொருளில் ஒலி காணும் துணிவு அவர்களிடம் உண்டு.

பல்கலைக்கழகத்திற்கு இதில் முன்னோடி இல்லாமலில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். யாழ் என்னும் மறைந்த கருவியைப் புகழ்ந்து அமையாது, நரம்பின் அளவையும் சுருதியின் கணக்கையும் ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூல்' தந்தார். அவ்வழியில் அடுத்த அடி பட்டறைக்குள் வைக்கப்பட வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வயலின் பயின்று பட்டம் பெறுவோர், முதலாண்டில் சிரட்டைக் கருவி ஒன்றைத் தம் கையாற் செய்தலும், இறுதியாண்டிற்குள் வயலினைப் பிரித்துப் பொருத்தக் கற்றலும் கட்டாயமாதல் வேண்டும். அதனைக் கற்பிக்கும் தச்சருக்கு விரிவுரையாளருக்குரிய இருக்கையும் ஊதியமும் வழங்கப்படல் வேண்டும்.

அவ்விருக்கையை மறுக்கும் வரை இராவணப் பெருமை வெறும் வாய்ச்சொல்லே. புத்தளக் கரையின் சிரட்டையும் கரியாகிக்கொண்டே இருக்கும்.