சீடத்துவத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது நீலகண்ட பிள்ளைக்கு இழப்பதற்கு நிறையவே இருந்தது. நட்டாலத்தில் செல்வாக்கான குடும்பம், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதி தந்த மரியாதை. குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயிடம் வேதத்தைக் கேட்டறிந்தவர், தேவசகாயம் ஆனார். நான்கே ஆண்டுகளில் கைதானார். எருமையின் மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்கிறது மரபு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் ஏன் கொல்லப்பட்டார் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வழக்கு உண்டு. ஆனால் சாதி பார்க்காமல் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது மேல்சாதியினரின் பகையைக் கிளப்பியது என்று வாடிகனின் வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரில் 'பிள்ளை' இல்லை. அதற்கு முன்பே அதை நீக்கியிருந்தார்கள்.

பெயரிலிருந்து நீக்குவது எளிது. ஊரிலிருந்து?

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த தேவாலயத்தில் பீடம் ஒன்று. மக்கள் அமரும் பகுதிகளோ இரண்டு. வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் முதலானோர் மறுபக்கம். 1910-இல் பங்குக் குருக்கள் நடுவே இருந்த தடுப்பை இடித்தார்கள். உடனே வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் தங்கள் உரிமை போயிற்று என்று நீதிமன்றம் ஏறினார்கள். ஆலயத்துக்குள் சாதிக்குத் தனியிடம் கேட்க உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரைக் கொடுத்தவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில் உட்காரும் இடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

பழங்கதை என்று தள்ள முடியாது. விழுப்புரம் பகுதியின் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் மணமகள் தேவை பக்கத்தைப் புரட்டினால் 'ஆர்.சி. வெள்ளாளர்', 'சி.எஸ்.ஐ. நாடார்' என்றுதான் வரும். விசுவாசம் அதற்குப் பிறகு.

மறுபக்கத்தில், விலை கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1985-இல் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பட்டியல் சாதி ஒதுக்கீடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடையாது. ஊரின் கண்ணில் சாதி போகவில்லை, அரசின் கணக்கில் மட்டும் போய்விட்டது. ஞானஸ்நானச் சான்றிதழை மறைத்து வைக்கும் குடும்பங்களைக் கோழைகள் என்று ஏசுபவர்கள், தாங்கள் எதை இழந்தோம் என்று ஒரு கணம் கணக்குப் பார்க்கலாம்.

சிலுவையைச் சுமந்து பின்செல்லும்படி எல்லாச் சீடர்களுக்கும்தான் இயேசு சொன்னார். தமிழகத் திருச்சபையில் அந்தச் சுமை, சுமக்கப் பழகியவர்களின் தோளிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. இதை மாற்றச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் சாதிச் சுவர்களை இடிக்க ஆயர்களின் ஓர் உத்தரவு போதும். அதை அவர்கள் இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.