மொட்டை மாடியில் ஒரு மின் நிலையம்!

புதுச்சேரியில் சில மொட்டை மாடிகளில் சூரிய மின் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகளில் இவற்றை அமைக்கும் திட்டத்தை, மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 3 கிலோவாட் அமைப்புக்கு மானியம் ரூ.78,000.

ஏன் இந்த முயற்சி? நமக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துக் கிடைப்பது. புகை காற்றைக் கெடுக்கும். எரித்த நிலக்கரி திரும்ப வராது. வெயிலோ தினமும் வரும்!

இரவில் என்ன செய்வது? பகலில் மீந்த மின்சாரம் மின்கம்பி வழியே வெளியே போகும். இரவில் அதே கம்பி வழியே நமக்கு வரும். போவதையும் வருவதையும் மீட்டர் கணக்கு வைக்கும்.

தகடு மாட்டினால் மட்டும் போதுமா? கணக்குப் போடுவோம். 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் 1 யூனிட். பழைய மின்விசிறிக்கு 75 வாட் தேவை, புதிய பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுமார் 30 வாட். மூன்று விசிறிகள் தினம் 10 மணி நேரம் சுற்றினால், பழையவற்றுக்கு 2.25 யூனிட், புதியவற்றுக்கு 0.9 யூனிட். மிச்சம் 1.35 யூனிட்! 1 கிலோவாட் தகடு ஒரு நாளில் தருவதே சுமார் 4 யூனிட்தான். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் தண்ணீர் பிடிக்கலாமா?

வாடகை வீட்டில் இருப்போருக்கு மாடி சொந்தமில்லை. அவர்களுக்கும் அரசு வழி காண வேண்டும். ஆனால், விலை சற்றுக் கூடுதலானாலும், விசிறியை அவர்களும் மாற்றலாம்.

இன்றே உங்கள் வீட்டு மின் கட்டண ரசீதைப் பாருங்கள். எத்தனை யூனிட்?