விடுப்பு தந்தால் போதுமா, படிக்க வரும் தாய்க்கு?

ஆசிரியர் தகுதித் தேர்வோ டிஎன்பிஎஸ்சி தேர்வோ நடக்கும் நாளில், தேர்வு மையத்தின் வாசலில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். வேப்பமரக் கிளையில் பழைய சேலைத் தூளி ஆடிக்கொண்டிருக்கும். பால் புட்டியும் துண்டும் வைத்த ஒயர் கூடையோடு பக்கத்தில் ஒரு பாட்டி இருப்பார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்து உட்காருவார். மறுநாள் நாளிதழில் அந்தப் படம் வரும். கீழே நெகிழ்ச்சியாக இரண்டு வரி இருக்கும். பத்திரிகைக்காரர்களாகிய நாமும் அப்படிப் படம் போட்டு, நெகிழ்ந்து, மறந்தவர்கள்தான்.

தேர்வு மூன்று மணி நேரம். அதற்கு ஒரு பாட்டியும் ஒரு மரமும் போதும். பி.எட். படிப்பு இரண்டு ஆண்டு. அதற்கு எந்த மரத்தடிக்குப் போவது?

பி.எட். வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் தாலி கட்டிய பெண்கள் பலரைக் காணலாம். பட்டம் வாங்கியதும் கல்யாணம், அடுத்து கைக்குழந்தை, அதன் பிறகு ‘ஒரு பி.எட். முடித்துவைத்தால் பள்ளிக்கூட வேலைக்காவது போகலாம்’ என்ற யோசனை. அப்படி வருபவர்களுக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள் வைக்கும் கணக்கு கண்டிப்பானது. வகுப்புக்கும் செய்முறைக்கும் 80 சதவீத வருகை வேண்டும். பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சிக்கு 90 சதவீதம். ஆசிரியராகப் போகிறவர் வகுப்புக்கு ஒழுங்காக வரவேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால், பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தால் அந்தக் கணக்கு எப்படித் தேறும் என்று விதியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. தனியார் காப்பகத்தில் விடலாம் என்றால், நகரங்களில் மாதம் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. வேலைக்குப் போகும் பெண் அதைத் தன் சம்பளத்தில் சமாளிப்பார். படிக்கும் பெண் எதைக் கொண்டு சமாளிப்பார்?

அரசும் நீதிமன்றங்களும் சும்மா இருக்கவில்லை. ஆய்வு மாணவிகளுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் விதி செய்தது. 2022-ல் வந்த புதிய பிஎச்.டி. விதிகளும் அதைத் தக்கவைத்தன. ஆய்வை முடிக்கப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு விதிகளை வகுக்குமாறு 2021 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு அதே குழு எழுதியது. எம்.எட். மாணவி ஒருவர் வருகைப் பதிவுச் சலுகை கேட்டுத் தொடுத்த வழக்கில், படிப்பா தாய்மையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குப் பெண்ணைத் தள்ளக்கூடாது என்று 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 18 வயது நிறைந்த மாணவிகளுக்கு 60 நாள் வரை மகப்பேறு விடுப்பு என்று அதே ஆண்டு ஜனவரியில் கேரளம் அறிவித்தது.

இவை அனைத்தையும் வரவேற்கிறோம். ஆனால், இவை எல்லாமே கல்லூரிக்கு வராமல் இருப்பதற்கான அனுமதிகள். வந்து படிப்பதற்கான வழி இவற்றில் ஒன்றில்கூட இல்லை. 240 நாள் விடுப்பு முடியும்போது குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். தவழ ஆரம்பித்து, கையில் கிடைத்ததை வாயில் போடும் வயது. ஒரு நொடி கண்ணை எடுக்க முடியாது. விடுப்பு தேவைப்பட்ட காலத்தைவிட ஆள் துணை அதிகம் தேவைப்படும் காலம் அதுதான். சரியாக அங்கேதான் விதிப் புத்தகம் முடிகிறது. அவகாசத்தை இரண்டு ஆண்டு நீட்டினாலும் அதனுடன் உதவித்தொகை தானாக நீள்வதில்லை. நெட் தகுதி பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவருக்குக் கிடைப்பதே மாதம் 8,000 ரூபாய். அதில் காப்பகத்துக்குக் கொடுத்தது போக மீதியில் என்ன மிஞ்சும்?

நம் தொழிலாளர் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த ஓட்டை இன்னும் பளிச்சென்று தெரியும். பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்கு அறை ஒதுக்கச் சொன்னது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களிலும் காப்பகம் வைக்க வழி செய்தது. இப்படிப்பட்ட தோட்டக் காப்பகத்துக்கு இலங்கை மலையகத் தமிழர் ‘பிள்ளை மடுவம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தோட்டத் துரைமார் இரக்கத்துக்குப் பேர்போனவர்கள் அல்லர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடமில்லாவிட்டால் கொழுந்து பறிக்கக் கை வராது என்ற கணக்கு அவர்களுக்கே புரிந்திருந்தது. 1996-ல் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலும் காப்பகம் இடம்பெற்றது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பெண்களுடன் வரும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டால், அந்தப் பெண்களில் ஒருவரையே பிள்ளை பார்க்க அமர்த்தி அவருக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரவும் இடம் கொடுத்தது.

இவற்றில் பல ஏட்டோடு நின்றுபோனது வேறு கதை. ஏட்டிலாவது எழுதப்பட்டன. ஏரிக்கரையில் மண் வெட்டும் இடத்தில் ஐந்து பிள்ளைக்கு ஓர் ஆளை அமர்த்தச் சொன்ன நாட்டில், ஆயிரக்கணக்கானோர் படிக்கும் கல்லூரியின் மாணவிகளுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. காரணம் எளிது. வேலைக்கு வரும் பெண் இன்னொருவருக்காக உழைக்கிறார். அவர் வராவிட்டால் முதலாளிக்கு நஷ்டம். படிக்க வரும் பெண்ணோ ‘தன் ஆசைக்குப் படிக்கிறார்’ என்று கருதப்படுகிறார். நின்றுவிட்டால் நஷ்டம் அவருக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். அவர் படித்து முடித்தால் ஒரு பள்ளிக்கு ஆசிரியரோ, ஒரு மருத்துவமனைக்குச் செவிலியரோ கிடைப்பார் என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

‘வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களே’ என்பார்கள். பாட்டிமார் பலர் இன்று தாங்களே வேலைக்குப் போகிறவர்கள். சிலர் முழங்கால் வலியோடு தூக்கிச் சுமக்கிறவர்கள். காதல் திருமணம் செய்து வீட்டோடு உறவு அறுந்த பெண்ணுக்கும், கணவனை இழந்த பெண்ணுக்கும் அந்தத் துணையும் இல்லை. ‘அஞ்சல் வழியில் படிக்கட்டுமே’ என்பது இன்னொரு யோசனை. ஆய்வகமும் கற்பித்தல் பயிற்சியும் அஞ்சலில் வருவதில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம்கூட அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்குப் பொருந்தாது. பிள்ளைக்காக வீட்டோடு படித்தால் அந்த ஆயிரமும் போகிறது.

‘எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?’ என்பது அதிகாரிகள் வழக்கமாக எழுப்பும் கேள்வி. எண்ணினால்தானே தெரியும்? சேர்க்கை விண்ணப்பம் சாதி கேட்கிறது, வருமானம் கேட்கிறது, தாய்மொழி கேட்கிறது. வீட்டில் குழந்தை உண்டா என்று கேட்பதில்லை. சேர்க்கைக்கு முன்பு கேட்டால் அதையே காரணம் காட்டி இடம் மறுப்பவர்களும் இருப்பார்கள். ஆகவே சேர்ந்த பிறகு கேட்கட்டும். தாயை மட்டுமல்ல, தந்தையாக இருக்கும் மாணவரையும் கேட்கட்டும். கணக்கெடுப்பில் வராதவர்கள் படிப்பை நிறுத்தினால், அது இடைநிற்றல் பட்டியலில் ‘சொந்தக் காரணம்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிப்போகும்.

பணம் இல்லை என்ற பதிலும் எடுபடாது. மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு இணைந்த காப்பகம் நடத்த நிதி தருகிறது. செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, 40 சதவீதம் மாநிலத்துடையது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளுக்கானவை. மாலை 4 மணிக்குள் பூட்டிவிடுவார்கள். இரண்டாவது ஷிப்ட் நடக்கும் கல்லூரிகளில் வகுப்பு முடியவே அதற்கு மேல் ஆகும். கல்லூரி வளாகத்திலோ அதன் மதில் ஓரத்திலோ ஓர் அங்கன்வாடிக் காப்பகம் அமைத்து, அதன் நேரத்தைக் கல்லூரி மணியோடு பொருத்த வேண்டும். குழந்தை வளர்ப்பைப் பாடமாகவே நடத்தும் மனையியல் துறைகள் நம் கல்லூரிகளில் உள்ளன. காப்பகத்தை அவற்றின் செய்முறைக் களமாகவும் ஆக்கலாம். இங்கிலாந்தில் தகுதியுள்ள முழுநேர இளநிலை மாணவருக்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசே மானியமாகத் தருகிறது. அத்தனை பெரிய தொகையை நாம் இன்றே கேட்கவில்லை. ஓர் அறை, இரண்டு பணியாளர்கள், ஒரு பால் அடுப்பு, சுத்தமான கழிப்பறை, இவற்றில் இருந்து தொடங்கலாம். பேராசிரியரின் பிள்ளையும் துப்புரவுப் பணியாளரின் பிள்ளையும் மாணவியின் பிள்ளையும் அங்கே ஒன்றாக இருக்கட்டும். மாணவியிடம் கட்டணம் வாங்க வேண்டாம்.

வரும் ஜூனில் கல்லூரிகள் திறக்கும்போது, மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியிலாவது இந்த அறை திறக்கப்பட வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களும் அரசு கல்வியியல் கல்லூரிகளும் முதல் வரிசையில் நிற்கட்டும். உயர்கல்வித் துறையும் சமூக நலத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் ஆணை பிறப்பிக்க ஒரு மாதம் போதும். அடுத்த தகுதித் தேர்வின்போதும் மரத்தடிப் பாட்டியைப் படம் எடுக்க எங்கள் புகைப்படக்காரர் போவார். அந்தப் படத்துக்குக் கீழே எழுத வேண்டியது நெகிழ்ச்சி அல்ல, அந்த மாவட்டக் கல்லூரியில் காப்பகம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். அதை எழுத நாங்கள் தயார்.